சான்றே அளவுகோல்

நுழையும்முன்

உடலை வளர்ப்பது உணவு, உறுதியாக்குவது உழைப்பு. இவ்விரண்டிற்கும் நடுவே இன்று மூன்றாவதாக ஒன்று இடம்பிடித்துள்ளது. பொடியாகவும் மாத்திரையாகவும் பானமாகவும் விற்கப்படும் துணையுணவே அது. துணையுணவுகளுள் பயன் தருவன எவை, பணத்தை வீணாக்குவன எவை, உடலுக்கே ஊறு செய்வன எவை எனப் பிரித்தறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

துணையுணவு என்பது யாது?

அன்றாட உணவில் கிடைக்கும் சத்துகளைத் தனியே பிரித்தெடுத்தோ செயற்கையாக உருவாக்கியோ செறிவூட்டித் தருவது துணையுணவு. புரதப் பொடி, வைட்டமின் மாத்திரை, கிரியேட்டின், அமினோ அமிலக் கலவை, ஆற்றல் பானம் ஆகியன இவ்வகையின. உடற்பயிற்சிக்கூடத்தின் சுவரொட்டியிலும் கைப்பேசித் திரையிலும் இவற்றின் விளம்பரங்கள் இடைவிடாது வலம் வருகின்றன. கட்டுடல் கொண்ட ஒருவரின் படமும் 'முப்பது நாள்களில் மாற்றம்' என்னும் உறுதிமொழியும் சேர்ந்துவிட்டால், வளரிளம் பருவத்தினர் மனம் எளிதில் ஈர்க்கப்படுகிறது.

ஈர்ப்பு இயல்பானதே. உடல் வலிமை பெற வேண்டும், மாநில அணியில் இடம்பெற வேண்டும், காவல்துறைத் தேர்வின் ஓட்டத்தில் வெல்ல வேண்டும் என்னும் விருப்பங்கள் போற்றத்தக்கன. ஆனால், விருப்பம் வலுவாக இருக்கும்போதுதான் ஆராய்ச்சி மனம் தளர்ந்துபோகிறது. குடும்பத்தின் வருவாயில் ஒரு பகுதி செலவாவதோடு, வாங்குபவரின் சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் அந்த முடிவின் விளைவைச் சுமக்கின்றன. எனவே, துணையுணவைத் தேர்வது சுவையைத் தேர்வது போன்றதன்று. சான்றுகளை எடைபோட வேண்டிய செயல்.

ஒப்பீடு கற்றுத் தந்த பாடம்

சான்றை எடைபோடும் முறைக்குக் கடற்பயணம் ஒன்றிலிருந்து பழைய எடுத்துக்காட்டு கிடைக்கிறது. நெடுந்தொலைவு செல்லும் கப்பல்களில் மாலுமிகளின் ஈறு வீங்கிக் குருதி கசிந்து, அவர்கள் நலிந்து இறந்துபோவது முற்காலத்தில் பெரும் அச்சமாக விளங்கியது. அந்நோய்க்கு ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். 1747ஆம் ஆண்டு 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலேயக் கப்பலில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஒத்த நிலையிலிருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு ஒரே வகை உணவை அளித்தார். பின்னர் அவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த களிம்பு, ஆரஞ்சும் எலுமிச்சையும் என ஆறு வேறு பொருள்களைக் கொடுத்தார். பழங்களை உண்ட இருவரே விரைந்து தேறினர்.

பழத்தில் இருந்த வைட்டமின் சி பற்றி லிண்டுக்கு எதுவும் தெரியாது. 'வைட்டமின்' என்னும் பெயரே 1912இல்தான் காசிமிர் ஃபங்க் என்பவரால் சூட்டப்பட்டது. ஆயினும், மற்றவற்றை ஒன்றுபோல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட்டதால் உண்மை வெளிப்பட்டது. ஒரு பொருளை உண்டபின் நன்மை ஏற்பட்டது என்பது மட்டும் சான்றாகாது. அப்பொருளை உண்ணாதவருக்கு அந்நன்மை ஏற்படவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

> தெரியுமா?
> ஜேம்ஸ் லிண்ட் தம் ஆய்வை 1753இல் நூலாக வெளியிட்டார். எனினும் எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு வழங்க ஆங்கிலேயக் கடற்படை 1795இல்தான் முடிவெடுத்தது. சான்று கிடைத்த பிறகும் அது நடைமுறைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இந்த அளவுகோலை இன்றைய உடற்பயிற்சிக்கூடத்தில் பொருத்திப் பார்க்கலாம். பதினாறு வயது மாணவர் ஒருவர் ஒரே மாதத்தில் பளு தூக்கும் பயிற்சியையும் புரதப் பொடியையும் தொடங்குகிறார். மூன்று மாதங்களில் அவருடைய தோள் அகன்று, கை திரள்கிறது. நண்பர்கள் பொடியைப் புகழ்கின்றனர். ஆனால், அவ்வயதில் உடல் தானாகவே வளர்கிறது. பயிற்சி புதிதாகத் தொடங்கும்போது வலிமை விரைந்து கூடுவதும் இயற்கை. பயிற்சி தொடங்கியபின் பசி மிகுந்து, வீட்டு உணவையும் அவர் கூடுதலாக உண்டிருப்பார். இவ்வளவு காரணங்கள் இருக்க, பாராட்டு முழுவதையும் பொடியே பெற்றுக்கொள்கிறது.

நம்பிக்கையும் ஒரு காரணமாகிறது. 1972இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பளு தூக்கும் வீரர்கள் சிலருக்குத் தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்து தரப்படுவதாகக் கூறி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வழங்கப்பட்டது. அதன்பின் அவர்கள் முன்னைவிடக் கூடுதலான எடையைத் தூக்கினர். வலிமையைக் கூட்டியது மருந்தன்று. மருந்தை உண்டோம் என்னும் எண்ணமே. இதனால்தான், தரமான ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு உண்மைப் பொருளும் மற்றொரு பிரிவினருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுப் பொருளும் தரப்படுகின்றன. எது எவருக்குத் தரப்பட்டது என்பது ஆய்வு முடியும்வரை மறைக்கப்படுகிறது.

புரதமும் தட்டும்

துணையுணவுகளுள் மிகுதியும் பேசப்படுவது புரதப் பொடி. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது எஞ்சும் தெளிநீரிலிருந்து பெரும்பாலான பொடிகள் தயாரிக்கப்படுகின்றன. பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தெளிநீரில் இருக்கிறது. ஆகவே, இது பாலிலிருந்து பெறப்படும் உணவுப்பொருளே. மந்திரமும் அன்று, நஞ்சும் அன்று.

தேவையின் அளவை அறிந்தால் பொடியின் இடமும் விளங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் போதுமானது. தசைக்குக் கடும் பயிற்சி தருவோருக்கு இதனினும் மிகுதியாகத் தேவைப்படும். 49 ஆய்வுகளையும் 1,863 பேரின் தரவுகளையும் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராம் என்னும் அளவைக் கடந்தபின் கூடுதல் புரதத்தால் தசை மேலும் வளர்வதில்லை எனக் கண்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 96 கிராம் ஆகும்.

அந்த அளவை உணவாலேயே எட்ட இயலுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 21 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 60 கிராம் துவரம்பருப்பில் 13 கிராம், இரண்டு முட்டைகளில் 12 கிராம், 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராம், சுண்டலுக்கு ஊறவைத்த 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் எனக் கூட்டினால் 84 கிராம் புரதம் கிடைக்கிறது. 100 கிராம் மீன் சேர்ந்தால் அது 100 கிராமைத் தொட்டுவிடும். முட்டையும் மீனும் உண்ணாதவர்கள் பருப்பையும் பயற்றையும் சோயாவையும் தயிரையும் கூட்டி ஈடுசெய்யலாம்.

தரத்திலும் வீட்டு உணவு குறைந்ததன்று. புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 9 வகைகளை உடலால் உருவாக்க இயலாது; உணவே தர வேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. அரிசியும் உளுந்தும் கலந்த இட்லியும், பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கலும் இந்த இணைவின் பயனை நெடுங்காலமாகத் தந்து வருகின்றன.

விலையையும் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ பொடியின் விலை 3,000 ரூபாய் என்றும், 30 கிராம் பொடியில் 24 கிராம் புரதம் உள்ளது என்றும் கொள்வோம். அந்தக் கிலோவில் இருப்பது 800 கிராம் புரதம். ஆக, ஒரு கிராம் புரதத்தின் விலை 3 ரூபாய் 75 காசு. 6 கிராம் புரதம் கொண்ட முட்டை 6 ரூபாய்க்குக் கிடைத்தால் ஒரு கிராமின் விலை 1 ரூபாய். நிலக்கடலை கிலோ 150 ரூபாய் என்றால், அதிலுள்ள 250 கிராம் புரதத்தில் ஒரு கிராமின் விலை 60 காசு மட்டுமே. கடைத்தெருவின் விலை மாறலாம்; கணக்கிடும் முறை மாறாது.

பொடிக்கு இடமே இல்லை என்று இதனால் முடிவுகட்ட இயலாது. பயணத்திலும் போட்டிகளிலும் நாளைக் கழிக்கும் வீரர், நோயுற்றுத் தேறும்போது போதிய உணவு உண்ண இயலாதவர் ஆகியோருக்கு மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் அறிவுரைப்படி அது கைகொடுக்கும். ஏனையோரைப் பொறுத்தவரை, உடலைப் பெருக்கும் நோக்கில் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது.

ஆய்வில் தேறியவை

நூற்றுக்கணக்கான துணையுணவுகள் விற்கப்பட்டாலும், விளையாட்டுத் திறனைக் கூட்டுவதற்குப் போதிய சான்று உள்ளவை மிகச் சிலவே. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட வல்லுநர் அறிக்கை, காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட் ஆகிய ஐந்தையே அவ்வகையில் குறிப்பிட்டது. அவையும் குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே பயன் தருவன.

கிரியேட்டினை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் செவ்ரல் இறைச்சியிலிருந்து இதனைப் பிரித்தறிந்தார். மனித உடலே நாள்தோறும் ஏறத்தாழ 1 கிராம் கிரியேட்டினை உருவாக்குகிறது. அதன் பெரும்பகுதி தசைகளில் தங்குகிறது. தசை சுருங்குவதற்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு, கடும் முயற்சியின்போது சில நொடிகளில் தீர்ந்துவிடக்கூடியது. அதனை உடனுக்குடன் மீட்டுத் தருவது கிரியேட்டினின் பணி. எனவே, பளு தூக்குதல், குறுந்தொலைவு ஓட்டம் போன்ற நொடிப்பொழுது வேகம் வேண்டும் முயற்சிகளுக்கு இது உதவுகிறது. நெடுந்தொலைவு ஓட்டக்காரர் இதனால் பெரும்பயன் அடைவதில்லை. தசையில் நீர் சேர்வதால் தொடக்கத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடுவதும் உண்டு. அது புதிய தசை வளர்ந்ததன் அடையாளம் ஆகாது. இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம் நிகழ்த்தப்பட்டவை. ஆதலால், பள்ளிப் பருவத்தினர் மருத்துவ அறிவுரையின்றி இதனை உண்பதற்கு அச்சான்றுகளைத் துணைக்கழைக்க இயலாது.

காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் சோர்வுணர்வைக் குறைப்பதால் வீரர்களுக்கு உதவுகிறது. 2004வரை குறிப்பிட்ட அளவைக் கடந்த காஃபின் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருந்தது என்பதே அதன் ஆற்றலைக் காட்டும். ஆனால், மாலையில் பருகும் ஆற்றல் பானம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். வளர்ச்சிக்கான இயக்குநீர் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. தூக்கத்தை விற்றுச் சுறுசுறுப்பை வாங்கும் வளரிளம் பருவத்தினர் வளர்ச்சியையே அடகு வைக்கின்றனர்.

மிகுந்தால் என்ன?

'நல்லது என்றால், மிகுதியாக உண்பது மிகவும் நல்லது' என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. உடலின் இயக்கம் இதனை ஏற்பதில்லை. நீரில் கரையும் வைட்டமின் சி அளவுக்கு மிஞ்சினால் சிறுநீரில் வெளியேறும்; மாத்திரைக்குச் செலவிட்ட பணமும் உடன் வெளியேறுகிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, டி போன்றவை அவ்வாறு எளிதில் வெளியேறாமல் உடலில் தேங்கித் தீங்கு விளைவிக்கும்.

இதற்கு அழுத்தமான சான்று பின்லாந்திலிருந்து கிடைத்தது. காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்து புற்றுநோயைத் தடுக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். புகைபிடிக்கும் பழக்கமுள்ள 29,133 ஆண்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. காரட்டில் நன்மை செய்த பொருள் மாத்திரையாகச் செறிவூட்டப்பட்டபோது அதே நன்மையைச் செய்யவில்லை.

அமினோ அமிலக் கலவைகள் வேறு வகையில் ஏமாற்றம் தருகின்றன. லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய மூன்றை மட்டும் கொண்ட கலவை தசையை வளர்க்கும் என விளம்பரப்படுத்தப்படுகிறது. தசைப் புரதம் உருவாக ஒன்பது இன்றியமையா அமிலங்களும் வேண்டும். செங்கல்லை மட்டும் குவித்துவிட்டுச் சிமெண்டும் மணலும் தராவிட்டால் கொத்தனாரால் சுவரை எழுப்ப இயலாது. போதிய புரதம் உண்பவர்க்கு இம்மூன்றும் உணவிலேயே கிடைத்துவிடுவதால் தனிக்கலவை தேவைப்படுவதில்லை.

கொள்கலத்தின் உள்ளே

ஒரு பொருள் பயனுடையது என்று மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது. மேலுறையில் எழுதப்பட்டதுதான் உள்ளே இருக்கிறதா?

உணவிலுள்ள புரதத்தை அளக்க, டென்மார்க்கு நாட்டின் யோகான் கெல்டால் 1883இல் உருவாக்கிய முறை இன்றும் வழக்கில் உள்ளது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை; உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் புரதத்தைக் கணிக்கிறது. இங்கேதான் கலப்படத்திற்கு வாயில் திறக்கிறது. விலை குறைந்த, நைட்ரஜன் மிகுந்த பொருளைக் கலந்தால் சோதனையில் புரதம் மிகுதியாகத் தோன்றும். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து இவ்வாறே ஏமாற்றினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர்; ஆறு குழந்தைகள் இறந்தனர். இந்தியச் சந்தையிலிருந்து பெறப்பட்ட 36 புரதத் துணையுணவுகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொருள்களில் புரத அளவு குறித்த தகவல் சரியாக இல்லை எனத் தெரியவந்தது.

எழுதப்பட்டது இல்லாமற்போவது ஒரு குறை. எழுதப்படாதது இருப்பது அதனினும் பெரிய கேடு. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளிலிருந்து 634 துணையுணவுகளை வாங்கிச் சோதித்தது. அவற்றுள் 94இல், மேலுறையில் குறிப்பிடப்படாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் கலந்திருந்தன. வளரிளம் பருவத்தினரின் உடலில் ஸ்டீராய்டு சேர்ந்தால் எலும்பு நுனிகளின் வளர்ச்சி முன்னதாகவே நின்று உயரம் தடைப்படலாம். கல்லீரலும் இதயமும் கெடலாம். விளையாட்டு வீரருக்கு இன்னோர் இடரும் உண்டு. தம் உடலில் காணப்படும் தடைசெய்யப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதி. 'பொடியில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது' என்னும் விளக்கம் வீரரின் பல்லாண்டு உழைப்பைக் காத்துத் தருவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
> இந்தியாவில் துணையுணவுகள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன்கீழ் வருகின்றன. மேலுறையில் 14 இலக்க உரிம எண் இடம்பெற வேண்டும். துணையுணவு மருந்தாகாது, எனவே, மருத்துவப் பயன்பாட்டிற்கு உரியதன்று என்னும் குறிப்பும் அதில் இருக்க வேண்டும். உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, காலாவதி நாள் ஆகியன இல்லாத பொருளை வாங்கலாகாது.

உண்மையில் தேவைப்படும் துணை

விலையுயர்ந்த பொடிகளைப் பற்றிய பேச்சில், தேவையான ஒரு துணை மறக்கப்படுகிறது. 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் மூச்சு வாங்கும், கவனம் சிதறும், பயிற்சி பலன் தராது. இக்குறையைப் போக்கவே பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை விலையின்றி வழங்கப்படுகிறது.

இம்மாத்திரையை வாங்கிப் புத்தகப்பையின் மூலையில் போட்டுவிட்டு, சோர்வு நீங்க ஆற்றல் பானத்தைத் தேடுவோரும் உள்ளனர். குறை எதுவென்று அறியாமல் நிறைவைத் தேடுவதன் விளைவு இது. குருதிச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட குறைபாட்டிற்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 போன்றவையே தேர்ந்து கொள்ளத்தக்க துணையுணவுகளுள் முதலிடம் பெறுவன.

ஐந்து வினாக்கள்

இதுவரை கண்டவற்றை ஐந்து வினாக்களில் அடக்கலாம். உடலில் உள்ள குறை யாது? அக்குறையை உணவாலும் தூக்கத்தாலும் பயிற்சியாலும் தீர்க்க இயலாதா? இப்பொருள் பயன் தருவதாக, வெற்றுப் பொருளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றனவா? அந்த ஆய்வுகள் உண்பவரின் வயதினரிடம் நிகழ்த்தப்பட்டவையா? கொள்கலத்தின் உள்ளே இருப்பதற்கு விற்பவரைத் தவிர வேறு எவர் உறுதி தருகிறார்? இவ்வைந்திற்கும் நிறைவான விடை கிடைக்கும்வரை பணத்தைக் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை.

முந்தைய உணவு செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவருக்கு மருந்தே வேண்டியதில்லை என்னும் கருத்தைத் திருக்குறள் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறது. உண்பதற்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மருந்துக்கு மட்டுமன்றி, மருந்துபோலத் தோன்றும் பொடிக்கும் அவ்வறிவுரை பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு நாளில் உண்ட உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து கிடைத்த புரதத்தின் அளவைக் கணக்கிடுக.
2. துணையுணவு விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கூற்றுகளை ஐந்து வினாக்களால் ஆராய்ந்து வகுப்பறையில் உரை நிகழ்த்துக.
3. உங்கள் பகுதியில் கிடைக்கும் பயறு, பருப்பு வகைகளின் விலையை அறிந்து, ஒரு கிராம் புரதத்தின் விலையை ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கெல்டால் முறை நேரடியாக அளப்பது
அ) புரதம் ஆ) நைட்ரஜன் இ) கொழுப்பு ஈ) இரும்புச்சத்து

2. கிரியேட்டின் மிகுதியும் உதவும் முயற்சி
அ) நெடுந்தொலைவு ஓட்டம் ஆ) நடைப்பயிற்சி இ) பளு தூக்குதல் ஈ) மலையேற்றம்

குறுவினா

1. அரிசியும் பருப்பும் சேர்ந்த உணவின் சிறப்பு யாது?
2. ஆய்வுகளில் வெற்று மாத்திரை வழங்கப்படுவது ஏன்?

சிறுவினா

1. ஜேம்ஸ் லிண்ட் மேற்கொண்ட ஒப்பீட்டு முறையை விளக்குக.
2. சத்துகள் மிகுவதால் விளையும் தீங்குகளைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா

துணையுணவு ஒன்றை உண்ணத் தொடங்கியபின் உடல் வலிமை பெற்றதாக நண்பர் ஒருவர் கூறுகிறார். அக்கூற்றை ஏற்பதற்கு முன் ஆராய வேண்டியவற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு தொகுத்துரைக்க.